கவிழ்த்த வள்ளத்தின் மேல் ஒரு கணக்கு

மோட்டார் காணாமல் போன அன்று
ஜீப் கரைக்கு வரவில்லை.
நேராக எங்கள் தெருவுக்கு வந்தது.
வழி கேட்கவில்லை.
எங்கள் பாட்டன்மார் காலத்திலிருந்தே அதற்கு வழி தெரியும்.

நம்புராஜன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.
கையைக் கழுவ விட்டார்கள்.
அதை மட்டும் ஒரு நல்ல செய்திபோல
அவன் அக்கா பூமயில்
இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கைரேகைச் சட்டம் போய் எத்தனையோ காலமாயிற்று.
அப்போது ராத்திரிதோறும் ஸ்டேஷன் வாசலில் படுத்து
திருடப் போகவில்லை என்று
தூங்கிக் காட்ட வேண்டும்.
இப்போது ரேஷன் கடையில்
பாசி பறித்துத் தேய்ந்த பூமயிலின் கட்டைவிரலை
மெஷின் ஏற்க மாட்டேன் என்கிறது.
"ரேகை விழலம்மா, நாளைக்கு வா."

நாற்பத்தோரு நாள் சப்ஜெயில்.
பிறகு ஜாமீன். பிறகு வாய்தா.
பதினோராவது வாய்தாவுக்குப் போய்த் திரும்பிய மாலை
வக்கீல் மஹ்மூதா செருப்பைக் கழற்றி மணலை உதறினார்.
கீழக்கரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்.
எங்களிடம் வாங்கியது பஸ் காசும்
ஒருமுறை வாய்விட்டுக் கேட்ட நெத்திலிக் கருவாடும்.
"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம்," என்றார்.
"இந்தப் பையனைப் பிடிச்சு வைக்க
எவ்வளவு செலவாச்சுன்னு எழுதுவோம்."

அந்தோணியின் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது.
தார் பூசிய வயிறு. சாக்பீஸ் நன்றாகப் பிடித்தது.
ஜீப்புக்கு டீசல். இரண்டு போலீசுக்குப் படி.
நாற்பத்தோரு நாள் சோறு.
கடலுக்குப் போகாத அவன் நாட்கள்,
கூடவே போகாத எங்கள் நாட்கள்.
"கோர்ட்டுல ஃபேன் ஓடுன கரண்ட்டையும் சேருங்க,"
என்றான் நம்புராஜன்.
வெளியே வந்த பிறகு அவன் பேசிய
முதல் வேடிக்கை அது.
சிரித்துக்கொண்டே சேர்த்தோம்.

இரண்டு லட்சத்துச் சொச்சம்.

வள்ளத்தின் மறுபக்கம் போய்
அதே பணத்தை வேறு மாதிரி செலவழித்தோம்.
ஆறு மணிக்கு மேல் பஸ் நிற்காத எங்கள் விலக்குக்கு
பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி வர ஒரு வேன்.
கரையில் விளக்கு.
ராத்திரி பையன்களோடு நடக்க
எங்கள் ஆட்களில் இரண்டு பேருக்குச் சம்பளம்.
அப்படியும் மிச்சம் இருந்தது.
மிச்சத்தைப் பார்த்தபோதுதான்
பூமயிலுக்குக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை மனு கொடுத்தோம்.
"ஐடியா நல்லாருக்கும்மா," என்றார் அதிகாரி.
"ஆனா இதுக்கு ஹெட் இல்ல."
பிடிப்பதற்கு ஹெட் இருக்கிறது,
பிடிக்காமல் இருப்பதற்கு இல்லை.

தண்ணியில்லாக் காட்டுக்கு
தண்டனையாக மாற்றலாகி வந்திருந்த எஸ்.ஐ.
ஒருநாள் தனியாக வள்ளத்தைப் பார்க்க வந்தார்.
கச்சான் காற்றில் தொப்பியைக் கையில் பிடித்தபடி
ஒவ்வொரு வரியாகப் படித்தார்.
அழித்துவிடுவார் என்று நினைத்தோம்.
சாக்பீஸைக் கேட்டு வாங்கினார்.
"டீசல் தப்பு. இதைவிட ஜாஸ்தி."
அடித்துவிட்டுத் தன் கையால் திருத்தினார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அடுத்த மாதம் அவரையும் மாற்றிவிட்டார்கள்.

மோட்டார் தொண்டியில் கிடைத்தது,
முதலாளியின் மச்சினன் வைத்த அடகில்.
கேஸ் இன்னும் நிற்கிறது.
பன்னிரண்டாம் வாய்தா பதினேழாம் தேதி.
பூமயிலின் போன் நம்பர்
ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கிறது.
ஜீப்பை எடுக்கும் முன் கூப்பிட வேண்டும் என்று பேச்சு.
இரண்டு முறை கூப்பிட்டார்கள்.
ஒருமுறை கூப்பிடாமலே வந்தார்கள்.
அதையும் எழுதிவைத்தோம்.

அந்தோணி வள்ளத்தை இறக்க வேண்டும் என்கிறார்.
நியாயம்தான், அவருக்கும் வயிறு இருக்கிறது.
பூமயில் நோட்டில் பார்த்து எழுதுகிறாள்,
ஃபேன் கரண்ட் உட்பட.
டீசல் வரிக்கு வந்ததும் நிறுத்தி
அந்த எண்ணை மட்டும்
அவர் எழுதிய மாதிரியே சாய்த்து எழுதப் பார்க்கிறாள்.